அச்சமும் நினைவும் இழப்பும்: திருகோணமலைக் கரையிலிருந்து உளவியலின் அடிப்படைகள்

உளவியல் மனித நடத்தையையும் அதன் பின்னால் நிகழும் உளச் செயல்களையும் முறைப்படி ஆராயும் துறை. நடத்தை வெளியே தெரியும். அதை எண்ணலாம், அளக்கலாம். உளச் செயல் நேரே தெரியாது; நடத்தையிலிருந்தும் ஆளின் வாய்மொழியிலிருந்தும் ஊகித்துத்தான் அறிய வேண்டும். 1879இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் ஆய்வுகூடம் அமைத்தபோது, பயிற்சி பெற்றவர்கள் தம் அனுபவத்தைத் தாமே உற்று நோக்கிச் சொல்வதைச் சான்றாகக் கொண்டார். அது நம்பத்தக்கதல்ல, நடத்தை ஒன்றே அறிவியலுக்குப் போதும் என்று 1913இல் அமெரிக்கரான ஜோன் வாட்சன் வாதிட்டார். 1950களுக்குப் பின் நினைவும் சிந்தனையும் மீண்டும் ஆய்வுக்கு உரியவையாயின. ஆனால் நடத்தையைக் கொண்டே அவற்றைச் சோதிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு நிலைத்துவிட்டது.

தொடக்க மாணவருக்குரிய நூல்களில் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நாய், எலி, அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் என்ற வட்டத்துக்குள் நிற்கின்றன. அதனால், படித்த கருத்து தன் ஊரில் எங்கே இருக்கிறது என்று மாணவருக்குத் தெரியாமற் போகிறது. திருகோணமலை மாவட்டம் 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானத் தாக்குதலையும், 1964 டிசம்பர்ச் சூறாவளியையும், பல பத்தாண்டுப் போரையும், 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையையும் கண்டது. புலக்காட்சி, கற்றல், நினைவு, மெய்ப்பாடு, நெருக்கீடு ஆகிய ஐந்து அடிப்படைக் கருத்துகளையும் இந்தக் கரையிலிருந்தே விளக்கலாம். இங்குள்ள மக்கள் பட்டதைப் புரிந்துகொள்ளவும் இக்கருத்துகள் தேவை.

முதலில் புலக்காட்சி. கண்ணில் ஒளி விழுவது புலனுணர்வு. விழுந்ததை இன்னதென்று அறிவது புலக்காட்சி. கரைவலை வளைக்கும் இடங்களில், மீன் கூட்டம் வந்திருக்கிறதா என்று பார்க்கத் தேர்ந்த ஒருவர் நிற்பார். கடற்பரப்பில் ஓரிடம் மட்டும் சற்றுக் கறுத்திருப்பதையும், காற்றில்லாத இடத்தில் நீர் மெல்லச் சிலிர்ப்பதையும், பறவைகள் தாழ்ந்து சுற்றுவதையும் அவர் ஒருசேரப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்கும் புதியவருக்கும் அதே ஒளிதான் கண்ணில் விழுகிறது. அவருக்குத் தெரிவது வெறும் கடல். இருவருக்கும் உள்ள வேறுபாடு ஆண்டுக்கணக்கான பழக்கத்தில் உருவான அறிவுச் சட்டகத்தில் இருக்கிறது. புலன் தரும் செய்தி கீழிருந்து மேலே செல்ல, முன்னறிவு மேலிருந்து இறங்கி அதற்குப் பொருள் கொடுக்கிறது.

இந்தச் சட்டகம் இல்லாத இடத்தில் கண் நன்றாக இருந்தும் ஆபத்து தெரியாது. 2004இல் சுமாத்திராவுக்கு அப்பால் இலங்கை நேரப்படி காலை ஏழு மணியளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கைக் கரையோரத்தில் பல இடங்களில் கடல் உள்வாங்கித் தரை தெரிந்தது. அதைப் பார்க்கப் போனவர்கள் அடுத்து வந்த பேரலையில் அகப்பட்டார்கள். அவர்களை அறியாதவர் என்று குறை சொல்வது நியாயமல்ல. கடல் அப்படிப் பின்வாங்குவதற்கு என்ன பொருள் என்று சொல்லித்தர இந்தக் கரையில் எவருக்கும் அனுபவம் இருக்கவில்லை. நிலநடுக்க மையத்துக்கு மிக அருகிலிருந்த இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907இல் ஓர் ஆழிப்பேரலை பெருஞ்சேதம் விளைவித்தது. ‘ஸ்மொங்’ என்ற பெயரில் அதன் கதை பாட்டிகள் வழியே பேரப்பிள்ளைகளுக்கு வந்தது: நிலம் பலமாக ஆடி, கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு. 2004இல் அத்தீவின் ஏறக்குறைய 78,000 மக்களில் அலைக்குப் பலியானோர் ஏழு பேர். தாம் நேரில் காணாத ஒன்றைக் கதையின் வழியே கண்டறியப் பழகியிருந்ததால் அவர்கள் தப்பினார்கள்.

கற்றலே இவ்வுரையில் விரிவாகச் சொல்ல வேண்டிய பகுதி. அனுபவத்தால் நடத்தையில் ஏற்படும் ஓரளவு நிலையான மாற்றம் கற்றல் எனப்படும். சமிபாட்டு ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்யரான இவான் பாவ்லோவ், உணவுக்கு உமிழ்நீர் சுரக்கும் நாய், உணவுக்கு முன் வழக்கமாக வரும் ஒலிக்கும் சுரப்பதைக் கண்டார். உணவு இயல்பான தூண்டி. அதற்கு உமிழ்நீர் இயல்பான துலங்கல். ஒலி முதலில் எந்தப் பொருளும் அற்றது. உணவுடன் சேர்ந்து வந்து வந்து நிபந்தனைத் தூண்டியாகிறது. இதுவே நிபந்தனைப்படுத்தல்.

இம்மாவட்டத்தின் கிண்ணியாவில் 2004இன் அலையில் அகப்பட்டு மீட்கப்பட்ட ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளலாம். மூச்சுத் திணறலும் நீரின் அடியும் இயல்பான தூண்டிகள். அவற்றுக்குப் பயம் இயல்பான துலங்கல். அந்த நேரத்தில் அங்கிருந்த கடலின் இரைச்சல், உப்பு வாடை, சனங்களின் கூக்குரல், ஞாயிற்றுக்கிழமைக் காலை வெயில் எல்லாம் அதனுடன் சேர்ந்துவிடுகின்றன. பாவ்லோவின் நாய்க்குப் பல தடவை தேவைப்பட்டது. உயிராபத்து ஒரே தடவையில் கற்பித்துவிடும். பின்னர் இரவில் அலையோசை கேட்டாலே பிள்ளை வியர்த்து விழிக்கிறது. பிறகு கடலைப் போல இரைகிற லொறிக்கும், மழை வெள்ளம் ஓடும் சத்தத்துக்கும் பயம் பரவுகிறது. ஒத்த தூண்டிகளுக்கும் அதே துலங்கல் எழுவது பொதுமைப்படுத்தல்.

இதற்கு எதிர்த்திசையில் இயங்குவது வேறுபிரித்தறிதல். போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கு மக்கள் ஷெல் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் அது படை முகாமிலிருந்து போகிறதா, தம்மை நோக்கி வருகிறதா என்று சொல்லப் பழகியிருந்தார்கள். போகிற ஷெல்லுக்குச் சமையல் நிற்காது. வருகிற ஷெல்லுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடுவார்கள். ஒத்த இரண்டு ஒலிகளில் ஒன்று மட்டும் ஆபத்தோடு சேர்ந்திருந்ததால் கிடைத்த அறிவு இது. போகிற ஷெல்லுக்குத் திடுக்கிடாமற் போவது பழக்கப்படல் என்ற இன்னொரு எளிய கற்றல் வகை. வெளியூரார் அதை மரத்துப்போன மனம் என்று சொன்னதுண்டு. உண்மையில் அது நுட்பமாகக் கணக்கிடும் மனம்.

பயம் பிடிப்பதை விளக்குவது எளிது. அது ஏன் நீங்குவதில்லை என்பதே கடினமான கேள்வி. அதற்கு இரண்டாவது கற்றல் வகை வேண்டும். பி. எப். ஸ்கின்னர் விரித்துரைத்த செயல்சார் நிபந்தனைப்படுத்தலில், ஒரு செயலின் விளைவே அச்செயலை வலுப்படுத்துகிறது அல்லது தளர்த்துகிறது. விளைவாக இனியது ஒன்று கிடைத்தால் அது நேர் மீளவலியுறுத்தல். வருத்தும் ஒன்று அகன்றால் எதிர் மீளவலியுறுத்தல். பரீட்சைகளில் மாணவர் பலர் எதிர் மீளவலியுறுத்தலைத் தண்டனை என்று எழுதிவிடுகிறார்கள். தண்டனை செயலைக் குறைக்கும். எதிர் மீளவலியுறுத்தல் செயலைக் கூட்டும். கடற்கரை வீதியால் பாடசாலைக்குப் போக மறுக்கும் பிள்ளைக்கு, சுற்றுப்பாதையில் திரும்பிய கணமே நெஞ்சுப் படபடப்பு அடங்குகிறது. அந்த ஆறுதலே அடுத்த நாளும் அதே பாதையால் போகவைக்கிறது. கடல் இன்று அமைதியாக இருக்கிறது என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அப்பிள்ளைக்கு வருவதே இல்லை. பயம் முதல்வகைக் கற்றலால் பிடிக்கிறது, இரண்டாம் வகையால் நிலைக்கிறது என்ற இந்த விளக்கத்தை 1947இல் ஓ. ஹோபார்ட் மவ்ரர் முன்வைத்தார்.

இந்த விளக்கமே மீளும் வழியையும் காட்டுகிறது. நிபந்தனைத் தூண்டி ஆபத்தின்றித் திரும்பத் திரும்ப வந்தால் துலங்கல் படிப்படியாக அணைகிறது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீற்றர் என்ற சிறுவனுக்கு விருப்பமான உணவைக் கொடுத்துக்கொண்டே முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து பயத்தை நீக்கினார். கடலுக்கும் அதே ஒழுங்கு பொருந்தும்: முதலில் கடல் தெரியும் தூரத்தில் நம்பிக்கையானவரோடு நிற்பது, பிறகு மணலில் விளையாடுவது, பிறகு காலை நனைப்பது. ஒவ்வொரு படியிலும் பயம் தணிந்த பிறகே அடுத்த படி. பயம் உச்சத்தில் இருக்கும்போது பிள்ளையை இழுத்துக்கொண்டு திரும்பினால் தவிர்த்தலே வலுப்படும். கதறக் கதறத் தண்ணீரில் இறக்கினால் பயமே வலுப்படும். வாடிக்குத் திரும்பி நாள்தோறும் வள்ளம் இறக்கும் மீனவருக்கு இந்த ஒழுங்கு தொழிலின் வழியே தானாக அமைந்துவிடுகிறது. கரையை விட்டு உள்நாட்டுப் பக்கம் குடியேற்றப்பட்டவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. குடியிருப்பைத் திட்டமிட்டோர் இதையும் எண்ணிப்பார்த்திருக்க வேண்டும்.

அணைதல் என்பது அழிதல் அன்று. அணைந்த துலங்கல் இடைவெளிக்குப் பின் தானே திரும்புவதைப் பாவ்லோவே கண்டிருந்தார். பழைய ஆபத்தின் ஓர் அறிகுறி போதும். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்து எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, ஏழு ஆண்டு அமைதியாகக் கரையில் வாழ்ந்தவர்களும் பிள்ளைகளோடு உள்நாட்டுப் பக்கம் விரைந்தார்கள். பேரலை வரவில்லை. ஆனால் அன்று திரும்பி வந்த பயம் பயனுள்ள பயம். 2004இல் இல்லாத அறிவுச் சட்டகம் இப்போது இருந்தது. எல்லாப் பயத்தையும் போக்குவது சிகிச்சையின் நோக்கமாக இருக்க முடியாது.

கற்றது தங்குவது நினைவில். ஹேர்மன் எபிங்ஹவுஸ் 1885இல், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து தம்மையே சோதித்து, மறதி முதல் மணிநேரங்களில் மிக விரைவாகவும் பிறகு மெதுவாகவும் நிகழ்வதைக் காட்டினார். ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. பொருளுள்ளவை இப்படி மறப்பதில்லை. இம்மாவட்டத்தின் கொட்டியாரக் குடாவுக்கு ஆங்கிலக் கப்பலில் வந்து 1660இல் பிடிக்கப்பட்ட ரொபர்ட் நொக்ஸ் 1679இல் தப்பும்வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்தார். 1681இல் அச்சான அவருடைய நூலில் நெல் விளைச்சலும் உணவும் சட்டமும் வழக்கமும் ஒழுங்காக விரிகின்றன. அவர் எழுதியது ஆண்டுக்கணக்காக நாளும் செய்து பழகிய வாழ்வைப் பற்றியது. பொருளும் பயன்பாடும் நினைவைத் தாங்குகின்றன.

எண்டல் டல்விங் 1972இல் முன்வைத்த பாகுபாடு இங்கு உதவும். தான் இருந்து அனுபவித்த நிகழ்வின் நினைவு ஒன்று. அறிந்துகொண்ட செய்தியின் நினைவு இன்னொன்று. 1942இல் சீனக்குடா மீது ஜப்பானியர் குண்டு போட்டதைத் திருகோணமலையில் 1970இல் பிறந்தவரும் விவரிப்பார். அது அவருக்குச் செய்தி. வலை இழுக்கும் கையின் நினைவு மூன்றாவது வகை. அது சொல்லில் வராது, செயலில்தான் வரும்.

பேரிடர் நினைவுகள் புகைப்படம்போலப் பதிந்துவிடுகின்றன என்ற நம்பிக்கை பரவலானது. 1977இல் ரோஜர் பிரவுனும் ஜேம்ஸ் குலிக்கும் அவற்றுக்குத் தனிப் பெயரே கொடுத்தார்கள். 1986இல் சலெஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் உல்ரிக் நைசர், செய்தியை எங்கே எப்படிக் கேட்டார்கள் என்று மாணவரிடம் எழுதி வாங்கினார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் மீண்டும் கேட்டார். கால்பங்கினரின் விடை முற்றிலும் மாறியிருந்தது. ஆனாலும் அவர்களின் உறுதி குறையவில்லை. தம் கையெழுத்தைக் காட்டிய பிறகும் சிலர் இப்போதைய நினைவையே நம்பினார்கள். கதை திரும்பச் சொல்லப்படும்போது கேட்பவரின் பண்பாட்டுக்கேற்ப வளைகிறது என்று 1932இல் பிரெடெரிக் பார்ட்லெட் காட்டியதோடு இது பொருந்துகிறது. எனவே மூதூரில் ஒரு தாய் அலையின் உயரத்தை ஒரு முறை தென்னை அளவு என்றும் இன்னொரு முறை கூரை அளவு என்றும் சொன்னால் அதைப் பொய் என்று எழுதுவது தவறு. நடந்ததன் மையம் நிலைக்கிறது, விளிம்பு ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டப்படுகிறது. காணாமற்போனோர் குறித்து வாக்குமூலம் பெறுவோர் இந்த ஒரு கருத்தையாவது படித்திருக்க வேண்டும்.

மெய்ப்பாட்டில் உடலும் எண்ணமும் கலந்திருக்கின்றன. ஆபத்தைக் கண்டதும் மூளையின் அமிக்டலா விரைந்து இயங்கி, அதிரினலின் சுரந்து, இதயம் விரைந்து, தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது. எதிர்ப்பதற்கோ ஓடுவதற்கோ உடல் ஆயத்தமாகும் இந்நிலையை வோல்டர் கனன் 1915இல் விவரித்தார். இது சில நிமிடங்களுக்கு உயிர் காக்கும். மாதக்கணக்கில் நீடித்தால் உடலே தேய்கிறது என்று ஹான்ஸ் செலியே 1936 முதல் காட்டிவந்தார்: முதலில் எச்சரிக்கை, பிறகு தாக்குப்பிடித்தல், முடிவில் களைத்துவிழுதல். கிழக்கின் வைத்தியசாலைகளுக்கு வருவோர் “மனம் சரியில்லை” என்று தொடங்குவது அரிது. தலையிடி, நெஞ்சுநோவு, உடம்பு உளைவு, நித்திரையின்மை, பெருமூச்சு, ஓயாத யோசனை என்றே சொல்வார்கள். அவர்கள் நோயை மறைக்கவில்லை. கனனும் செலியேயும் ஆய்வுகூடத்தில் அளந்த உடல் மாற்றத்தையே அவர்கள் தம் பேச்சில் சொல்கிறார்கள். வலிமாத்திரையோடு அனுப்பிவிடுவதும், உடல்நோவைப் பொருட்படுத்தாமல் மனநோய் என்று பெயரிடுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

ஒரே நிகழ்வு எல்லாருக்கும் ஒரே நெருக்கீட்டைத் தராது. ரிச்சர்ட் லாசரஸ், சூசன் போக்மன் ஆகியோரின் 1984ஆம் ஆண்டு நூலின்படி, நிகழ்வுக்கும் துலங்கலுக்கும் இடையில் மதிப்பீடு நிற்கிறது: இது எனக்கு என்ன செய்யும், இதைத் தாங்க என்னிடம் என்ன இருக்கிறது? இறைவனின் சோதனை என்று கொண்டவர், ஊழ்வினை என்று கொண்டவர், தன் கவனக்குறைவால் பிள்ளை போனது என்று கொண்டவர் மூவரின் துயரும் மூன்று வகை. மூன்றாமவருக்கே ஆபத்து மிகுதி; அந்தக் குற்றவுணர்வைக் கேட்டறியாத உளவளத்துணை பயன் தராது.

இழப்பின் உளவியலில் இந்தக் கரைக்கு மிக நெருக்கமான கருத்து போலின் பொஸ் விளக்கிய தெளிவற்ற இழப்பு. உடல் கிடைத்தால் அடக்கமும் தகனமும், சைவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும், முஸ்லிம்களுக்கு ஜனாஸாத் தொழுகையும் துயரத்துக்கு ஓர் ஒழுங்கைக் கொடுக்கின்றன. ஊரே வந்து இழப்பை ஏற்கிறது. கடல் கொண்டுபோனவருக்கும் போரில் காணாமலாக்கப்பட்டவருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. அந்தியேட்டி செய்தால் கொன்றுவிட்டது போலவும் செய்யாவிட்டால் கைவிட்டது போலவும் மனைவி தவிக்கிறாள். பொட்டு வைப்பதா விடுவதா என்பதே தினமும் எழும் கேள்வியாகிறது. இந்தத் தவிப்பை, இழப்பை ஏற்க மறுக்கும் நோய் என்று வகைப்படுத்தக் கூடாது. தெளிவின்மை அவள் மனத்தில் இல்லை, நிலைமையில் இருக்கிறது. துயரை முடித்துவைக்க முயல்வதைவிட, இரண்டு எண்ணங்களையும் வைத்துக்கொண்டு வாழத் துணை நிற்பதே பொஸ் காட்டும் வழி. குடும்பமும் ஊரும் சிதைந்த இடத்தில் தனியாளை மட்டும் ஆராய்வது போதாது என்பதை யாழ்ப்பாண உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998 முதல் தம் நூல்களில் வற்புறுத்திவந்துள்ளார்; கூட்டு மனவடு என்ற கருத்து அவர் எழுத்துகளில் முக்கிய இடம்பெறுகிறது.

இறுதியாக, அளவிடுதல். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் சேர்ந்தது. நிகழ்வு மீண்டும் மீண்டும் உள்ளே நுழைதல், அதை நினைவூட்டுவனவற்றைத் தவிர்த்தல், எந்நேரமும் விழிப்பாக இருத்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். மேலே சொன்ன கற்றல் விதிகளிலிருந்தே இவை பெரும்பாலும் விளங்கும். ஆனால் அவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலை, படிப்பு, குடும்ப வாழ்வு ஆகியவற்றைக் குலைக்கும்போதுதான் நோய் எனப்படும். பிராங்க் நொய்னர் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, அலைக்கு மூன்று நான்கு வாரங்களின் பின் மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய இடங்களில் 264 பிள்ளைகளைப் பரிசோதித்தது; 14 முதல் 39 சதவீதத்தினரிடம் இந்நோயின் அறிகுறித் தொகுதி இருந்தது. குடும்பத்தில் உயிரிழப்பும், அலையை நேரில் எதிர்கொண்ட கடுமையும், முன்னைய கொடிய அனுபவங்களும் அறிகுறிகளோடு சேர்ந்து கூடின.

இந்த எண்களை வாசிக்கும் மாணவர் மூன்றைக் கவனிக்க வேண்டும். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களே தேர்ந்தெடுக்கப்பட்டதால் அவை நாடு முழுவதற்கும் உரியவையல்ல. ஒரு மாத எல்லை அப்போது நிறைவாகாததால், இயல்பான துயரும் தொடரப்போகும் நோயும் அந்த எண்ணில் கலந்திருக்கின்றன. மூன்றாவதாக, சேர்ந்து கூடுவது மட்டுமே காரணத்தை நிறுவாது. ஆளைத் தற்செயலாகப் பிரித்துச் சோதனை செய்வது பேரிடரில் இயலாது என்பதால், முன்னைய போர் அனுபவத்தின் பங்கை வேறு வழிகளால் மதிப்பிட வேண்டியிருக்கிறது. அதே பிள்ளைகளை ஓராண்டிலும் ஐந்தாண்டிலும் திரும்பப் பார்க்கும் நெடுங்கால ஆய்வு, தானே மீண்டோரையும் உதவி தேவைப்பட்டோரையும் பிரித்துக் காட்டும். பேரிடர்க்குப் பின் பெரும்பாலானோர் குடும்பமும் பாடசாலையும் தொழிலும் மீண்டும் ஒழுங்குக்கு வந்தபோது தாமே மீள்கிறார்கள் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் தெரிந்த செய்தி. நிகழ்ந்த சில நாட்களுக்குள் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைப்பது நோயைத் தடுக்கவில்லை என்பதும் தெரிந்ததே. எனவே முதல் வாரங்களில் குடும்பத்தைச் சேர்த்துவைத்தல், பாதுகாப்பு, சரியான தகவல், பாடசாலையைத் திறத்தல் ஆகியவை முந்தும். ஒரு மாதத்துக்குப் பின்னும் நித்திரையும் படிப்பும் குலைந்திருக்கும் பிள்ளையையே படிமுறைச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.